இரண்டாவது வெடி

துவக்கின் போல்ற்றை மேலே தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, கீழே அமத்தினான் குகநேசன். ஊரில் கக்கூஸ் கதவுக்குப் போடுகிற தாழ்ப்பாள் மாதிரித்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் தானாக நடக்கிற அலுவல் இல்லை. எந்தத் தாழ்ப்பாளாவது தன்ரை பாட்டில் திறந்து தன்ரை பாட்டில் பூட்டிக்கொண்டதை ஆராவது கண்டிருக்கிறீர்களா? துப்பாக்கிக் கடைக்காரி ஷெரி நாலு துவக்குகளைப் பச்சைத் துணி விரித்த மேசையில் கிடத்திவிட்டு, "ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார், எது கைக்குச் சரியோ அதை எடு, அவசரமே இல்லை" என்று சொல்லித் தொலைபேசிக்குப் போயிருந்தாள். அவசரம் இல்லையாம். மான் வேட்டை தொடங்க ஒரு கிழமை கிடக்கிறது. இந்த வடக்குப் பட்டினத்துக்கு அவனும் லிங்கண்ணையும் ரொறொன்ரோவிலிருந்து விடியவே வெளிக்கிட்டு வந்தார்கள், அவனுக்கு முதல் துவக்கு வாங்க. லிங்கண்ணை றோட்டுக்கு அங்கால் கோப்பி வாங்கப் போய்விட்டார். போகும்போது வாசலில் நின்று திரும்பி, "செமியை எடு குகன், விசரன் மாதிரி யோசிச்சுக்கொண்டு நிக்காதை. அமத்த அமத்தப் போகும். பேந்து நாங்கள் மாறி மாறிப் பிடிக்கலாம்" என்றார். மாறி மாறிப் பிடிக்கலாம். அந்த வசனம் பல்லிடுக்கில் இறைச்சித் தும்பு மாதிரி மாட்டிக்கொண்டு கிடந்தது. குகநேசன் போல்ற்றை மறுபடி தூக்கினான், இழுத்தான், தள்ளினான், அமத்தினான். ஷெரி தொலைபேசியில் ஆரோடோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

போன வருசம் அவனிடம் துவக்கு இல்லை. துவக்கைப் பற்றி அவனுக்கு என்ன கண்டறியாத அறிவு? யாழ்ப்பாணம் ரவுணுக்குள் புடவைக்கடைக் குடும்பம். கொக்கியில் தொங்குகிற ஆட்டுத் தொடைதான் அவன் கண்ட வேட்டை. லிங்கண்ணை, முழுப்பெயர் பஞ்சலிங்கம், வன்னி ஆள். தகப்பன் லைசென்ஸ் துவக்கோடு காட்டுக்குள் இறங்கினால் ஊருக்கே இறைச்சி வத்தல் போடுகிற மனிசனாம். அந்தப் பழக்கம் இந்தக் குளிருக்குள்ளும் லிங்கண்ணையை விடவில்லை, வருசா வருசம் நவம்பரில் போவார். "வாடாப்பா, நீ சுடத் தேவையில்லை, அங்காலிருந்து பத்தையைக் கலைச்சுக்கொண்டு வந்தால் போதும்" என்று கூப்பிட்டார். ஒருத்தன் காட்டின் ஒரு பக்கத்தில் துவக்கோடு காவல் நிற்பான். மற்றவன் மறுபக்கத்தால் இறங்கித் தடியால் மரங்களைத் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு வருவான். மான் அவனுக்கு முன்னால் ஓடும். கலைக்கிறவன் நடப்பது எங்கே என்றால், காவல் நிற்கிறவனின் துவக்கை நோக்கித்தான். அதைக்கூட அன்றைக்கு அவன் யோசிக்கவில்லை, மக்கு. பெண்சாதி கௌசி கட்டித் தந்த ரொட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செம்மஞ்சள் ஜாக்கெற்றும் போட்டு, கோயில் திருவிழாவுக்குப் போகிறவன் மாதிரி நடந்தான். முதல் வெடி கேட்டது. பிறகு இரண்டாவது வெடி. பக்கத்தில் நின்ற வெள்ளைத் தோல் மரம் தோள் உயரத்தில் தெறித்துப் பட்டைத் துண்டு காதில் அடித்தது. உடம்பு சின்ன வயதில் யுத்தத்துக்குள் பழகினபடி தன்னாலே குப்புற விழுந்துவிட்டது. சருகு வாய்க்குள் போனது. எழும்புமுன் லிங்கண்ணை ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழறினார்: "தானாப் போட்டுது குகன், ரெண்டாவது தானாப் போட்டுது, கௌசியாணைத் தானாப் போட்டுது."

கௌசியாணை. ஏன் கௌசி மேல் சத்தியம்? கௌசி அவன்ரை பெண்சாதி. மனிசர் தங்கள் தங்கள் தாய் மேல் சத்தியம் பண்ணுவார்கள், பிள்ளை மேல் பண்ணுவார்கள், கோயில் பக்கம் கையை நீட்டுவார்கள். அடுத்தவன் பெண்சாதி மேல் எவன் பண்ணுவான்? அன்றைக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை. அழுகிற மனிசனைப் பார்த்து, "பரவாயில்லை அண்ணை, பரவாயில்லை" என்று இவன் முதுகைத் தடவிக் கொடுத்தான். சாகப் போனவன் ஆறுதல் சொன்ன கதை. தான் குறிவைத்த பெரிய கொம்பு மான், அந்தக் கொம்பன், தப்பி ஓடிவிட்டதாக லிங்கண்ணை சொன்னார். அடுத்த நாள் வேறொரு இடத்தில் ஒரு பெட்டை மானை விழுத்தி, தோலை உரித்து, ஈரலைத் தனியாக ஒரு பையில் கட்டி, "இது கௌசிக்கு" என்று தந்துவிட்டார். வெடி வைத்தவன் ஈரலை ஆருக்குக் கொடுக்கிறானோ அவர்கள்தான் அவனுக்கு நெருங்கிய வீடு, அது அவர்கள் ஊர் வழக்கம் என்றாள் கௌசி. மிளகு போட்டுப் பிரட்டினாள். "அத்தான் மறக்கேல்லை பாத்தியளே" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள். எதை மறக்கவில்லை?

அத்தான். லிங்கண்ணை அவளுக்குத் தாய்மாமன் மகன், உரிமைக்காரன். சின்ன வயதிலிருந்தே அவருக்கு அவள் என்று இரண்டு வீட்டிலும் பேச்சிருந்ததாம். லிங்கண்ணை கனடாவுக்கு என்று வெளிக்கிட்டு, ஏஜென்சிக்காரன் ஏமாற்றி, ஏதோ ஒரு நாட்டில் அறைக்குள் பூட்டிக் கிடந்த காலத்தில்தான் குகநேசன் கனடாவில் பேப்பர் எல்லாம் சரியாக்கி ஊருக்குப் போய் இறங்கினான். கௌசியின் தாய் இரண்டு யோசனை யோசிக்கவில்லை. கலியாணம் முடிந்து நாலைந்து வருசத்துக்குப் பிறகு லிங்கண்ணை இங்கே வந்து சேர்ந்தபோது, விமான நிலையத்தில் போய் நின்று கூட்டி வந்ததும் குகநேசன்தான். முறைக்கு அவர் இவனுக்கு அண்ணன். இன்றைக்கும் அவர் கட்டவில்லை. கேட்டால் சிரிப்பார். கௌசி இவனை இருபது வருசமாக "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிடுகிறாள். அதில் ஒரு குறையும் இல்லை, எல்லாப் பெண்டுகளும் அப்படித்தான். ஆனால் "அத்தான்" என்று அவள் சொல்லும்போது வாய் ஒரு சுற்று வட்டமாகிறதே, அதை அவன் முந்தி கவனித்ததில்லை, இந்தக் கோடையில் இருந்துதான் கவனிக்கிறான். கோடையில் துவக்கு லைசென்ஸ் வகுப்புக்குப் போனான். வகுப்பு எடுத்தவர் போல்ற் துவக்கை உயர்த்திப் பிடித்து, மேலே, பின்னே, முன்னே, கீழே என்று காட்டி, "ஒவ்வொரு வெடிக்கும் இந்த வேலையை நீங்கள் செய்துதான் ஆகவேண்டும், இது தானாக இரண்டாவது குண்டு போடாது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். குகநேசன் மட்டும் ஆட்டவில்லை. லிங்கண்ணையின் துவக்கு போல்ற் துவக்கு.

அன்றிலிருந்து ஒரே சுத்துத்தான். நித்திரைக்குள்ளும் அதுதான், சிவப்பு லைற்றில் நிற்கும்போதும் அதுதான். முதல் வெடிக்கும் இரண்டாவதுக்கும் இடையில் எவ்வளவு நேரம்? டப்-டப் என்று கேட்டதா, டப் என்று கேட்டு, ஒரு மூச்சு விட்டு, பிறகு டப் என்று கேட்டதா? ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. இப்போது நினைத்தால் அந்த இடைவெளிக்குள் ஒரு மனிசன் சாவகாசமாக மூக்குச் சிந்தி முடிக்கலாம் போல இருக்கிறது. கௌசியிடம் சொல்ல முடியுமா? உன்ரை அத்தான் என்னைச் சுடப் பார்த்தவர் என்று? இந்த நாட்டில் அவளுக்கென்று மிஞ்சியிருக்கிற சொந்தம் அந்த ஒரு ஆள். சொன்னால் வீடு இரண்டாகப் போகும், சொன்னது பிழையென்றால் தன்னை மனிசனாகவே அவள் மதிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் அடுத்த கிழமை தடியைத் தட்டிக்கொண்டு அந்தத் துவக்கை நோக்கி நடக்க வேண்டும். வரமாட்டேன் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். நெஞ்சு நோகிறது என்று சொல்லலாம். சொன்னால் கௌசி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள், ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொல்வார், லிங்கண்ணை சிரிப்பார். நேற்றிரவு கௌசி ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டு, "பயப்பிடாதையுங்கோ, அத்தான் இருக்கிறார்தானே" என்றாள். அதுதானே பயம். இதுதான் அவன் பாடு, வேறொன்றும் இல்லை. பயந்த மனிசன். பயத்தை வெளியில் காட்டினால் வெட்கம், காட்டாவிட்டால் குண்டு.

அடுத்த துவக்கைத் தூக்கினான். லீவர். விசைக்குக் கீழே வளையம், கீழே தள்ளி மேலே இழுக்க வேண்டும். கிளிக்-கிளாக் என்று நல்ல சத்தம், கையில் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. போல்ற்றைவிட வேகம். ஆனால் இதுவும் தானாக நடக்காது. அதற்கு அடுத்தது பம்ப். முன் பிடியைப் பின்னுக்கும் முன்னுக்கும் இழுக்க வேண்டும், இழுக்காவிட்டால் சும்மா இரும்பு. மூன்றிலும் மனிசன் மனசு வைக்க வேண்டிக் கிடக்கிறது. மறுபடி போல்ற்றைத் தூக்கினான். அப்போதுதான், இவ்வளவு நாளும் மண்டையில் ஏறாத ஒன்று ஏறியது. லிங்கண்ணை இடக்கையர். சோறு தின்பதும் எழுதுவதும் தவிர மற்றதெல்லாம் இடக்கை. துவக்கை இடது தோளில்தான் வைப்பார். போல்ற் இருப்பது வலது பக்கம். குகநேசன் இடது தோளில் வைத்துப் பார்த்தான். விசையிலிருந்து இடது கையை எடுத்து, துவக்குக்கு மேலால் எட்டி, தூக்கி, இழுத்து, தள்ளி, அமத்தி, திரும்பக் கையைக் கொண்டு வந்து விசையில் வைத்து… சீ, என்ன பாடு. மனிசன் இவ்வளவு பாடுபட்டு ஒரு காரியம் செய்தால் அதைத் தானாக நடந்தது என்று சொல்லலாமா? அரிசி கழுவி, உலை வைத்து, கஞ்சி வடித்துவிட்டு, சோறு தானாக வெந்தது என்றால் எவன் நம்புவான்? அவன் நம்பினானே. முதுகைத் தடவிக் கொடுத்தானே.

கடைசியில் செமி. கறுப்பு, பாரம் குறைவு. ஒரு முறை அமத்தினால் ஒரு குண்டு, அடுத்தது தன்ரை பாட்டில் ஏறிக்கொள்ளும். வகுப்பில் சொன்னார்கள், செமியில் அதிர்ச்சியில் விரல் மறுபடி பட்டு, நினையாத இரண்டாவது வெடி போகலாம், கவனம் என்று. ஆகவே செமியில்தான் தானாகப் போகும். லிங்கண்ணை சொன்ன கதைக்குப் பொருந்துகிற துவக்கு உலகத்தில் இது ஒன்றுதான். போன வருசம் கதை இருந்தது, துவக்கு பொருந்தவில்லை. இந்த வருசம் துவக்கும் பொருந்த வேண்டும். அதற்குத்தான் செமியை எடு, மாறி மாறிப் பிடிக்கலாம். என்ரை காசில் என்ரை பெயரில் வாங்கின துவக்கு, ஒரு நாள் பின்னேரம் அவர் கையில் இருக்கும்போது தானாகப் போகும், பொலிசும் ஓம் என்று எழுதிக்கொண்டு போகும், கௌசியும் ஓம் என்பாள், மிளகு போட்டு… சீ, என்ன நினைப்பு. அவனுக்கே தன் மேல் அருவருப்பு வந்தது. விமான நிலையத்தில் அன்றைக்கு இறங்கி வந்த அந்த மனிசன், தோல் மட்டும் போர்த்தின எலும்பு மாதிரி, அவனைக் கண்டு "தம்பி" என்று கையைப் பிடித்தபடி விடாமல் நின்றது ஞாபகம் வந்தது. அந்தப் பிடி ஏன் அவ்வளவு இறுக்கம்? நன்றியா, இல்லை… பாருங்கோ, ஒரு நல்ல ஞாபகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை இந்தச் சனியன் பிடித்த சந்தேகம்.

செமியை வைத்துவிட்டுப் போல்ற்றை எடுத்தான். அதில் தூரத்தைக் கிட்டக் காட்டுகிற ஸ்கோப் பூட்டியிருந்தது. ஷெரி தொலைபேசியைக் காதில் வைத்தபடியே பின்சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு பஞ்சடைத்த கொம்பனின் தலை மாட்டிக் கிடந்தது, அதன் கண்ணைக் குறிபார் என்று சைகை. பார்த்தான். கண்ணாடிக் கண், தூசி. இப்படித்தான் இருந்திருக்கும் அன்றைக்கு லிங்கண்ணைக்கு, குளிர்ந்த துவக்குக் கட்டை கன்னத்தில் முட்ட, வட்டத்துக்குள் உலகம் கிட்ட வந்து நிற்க. வட்டத்தை அசைத்தான். கொம்பு, சுவர், தொப்பிகள் தொங்கிய கம்பி, கதவு, கண்ணாடி யன்னல், றோட்டு. றோட்டைத் தாண்டிச் செம்மஞ்சள். லிங்கண்ணை ஒக்ரோபர் வந்துவிட்டால் அந்த ஜாக்கெற்றைக் கழற்றமாட்டார். இரண்டு கையிலும் கோப்பி, கார் ஒன்றுக்கு வழிவிட்டு நின்றார், உதட்டைக் குவித்து ஏதோ பாட்டு விசிலடித்தார். மயிர் நரைத்திருந்தது. பற்களுக்கிடையில் நீக்கல் தெரிந்தது. இவ்வளவு தெளிவாகத் தெரியுமா? இவ்வளவு தெளிவாகத் தெரிந்துகொண்டா சுட்டார்? குகநேசன் ஒரு கணக்குப் பார்க்க நினைத்தான், அவ்வளவுதான். அந்த நாலு அசைவுக்குள் மனிசனுக்கு மனம் மாற நேரம் இருக்கிறதா என்று. மேலே தூக்கினான். கௌசியாணை. பின்னுக்கு இழுத்தான். இது கௌசிக்கு. முன்னுக்குத் தள்ளினான். அத்தான் இருக்கிறார்தானே. கீழே அமத்தினான். நேரம் இருந்தது. தாராளமாக இருந்தது. மனம் மாறவில்லை. விரல் விசையில் இருந்தது. டிக்.

"ஏய்!" ஷெரி தொலைபேசியைப் போட்டுவிட்டு வந்து குழலைப் பிடித்து நிலத்துக்குத் தாழ்த்தினாள். "மனிசனுக்கு நேரேயா? விசையை வேறு அமத்துகிறாய்! என் கடையில் இது நடக்கக் கூடாது, கேட்டதா?" யன்னலுக்கு அங்கால், றோட்டின் நடுவில் லிங்கண்ணை நின்றுகொண்டிருந்தார். விசில் நின்றிருந்தது. ஒரு கார் ஹோர்ன் அடித்தது. பிறகு அவர் மெல்ல நடந்து வந்து, கதவை முதுகால் தள்ளி உள்ளே வந்தார். ஷெரி இன்னும் ஏசிக்கொண்டுதான் இருந்தாள், வெறும் துவக்கென்றாலும் குண்டிருக்கிற துவக்காக நினைக்க வேண்டும், விசை அமத்தின சத்தம் தனக்கு அங்கே கேட்டது என்று. லிங்கண்ணை எல்லாவற்றையும் கேட்டபடி கோப்பிகளை மேசையில் வைத்தார். ஒன்றின் மூடியால் கொஞ்சம் சிந்தியது.

"என்னைப் பாத்தே அமத்தினனி?"

"கொம்பனைத்தான் பாத்தனான் அண்ணை. திரும்பேக்கை… விரல் தானாப் பட்டிட்டுது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. காது இரண்டும் சுட்டது. லிங்கண்ணை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஷெரிக்குத் தமிழ் தெரியாது. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தோட்டாப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டாள்.

"தானாப் படுறேல்லை குகன்," என்றார் லிங்கண்ணை. "போன வருசமும் தானாப் படேல்லை."

குகநேசன் கையிலிருந்த துவக்கைப் பச்சைத் துணியில் வைத்தான்.

"முதல் வெடி கொம்பன்ரை வயித்திலை பட்டுது. விழுந்தெழும்பித் திரும்பி உன்ரை பக்கம் பாய்ஞ்சான். அப்பிடி ஒரு கொம்பை நான் சீவியத்திலை காணேல்லை. உன்ரை செம்மஞ்சள் தெரிஞ்சுது. தெரிஞ்சுதடாப்பா, பொய் சொல்லமாட்டன். கை இழுத்துத் தள்ளிப் போட்டுது. உன்னை விலத்திப் போகும் எண்டு நினைச்சன்."

"நினைச்சனீங்களோ?"

"நினைச்சன் எண்டுதான் நினைக்கிறன்." அவர் கோப்பி மூடியை நகத்தால் நோண்டினார். "ஒரு வருசமா அதைத்தான் யோசிக்கிறன். நித்திரை இல்லை."

"அப்ப ஏன் தானாப் போச்சு எண்டு சத்தியம் பண்ணினனீங்கள்?"

"வேறை என்னத்தைச் சொல்ல? உன்னைக் கண்டு கண்டு அடிச்சனான் எண்டோ? கௌசியின்ரை முகத்திலை பேந்து நான் எப்பிடி முழிக்கிறது?"

திரும்பவும் கௌசி. சுட்டது என்னை, வெட்கம் அவளுக்கு முன்னாலோ? ஆனால் குகநேசன் அதைக் கேட்கவில்லை. கேட்கிற தகுதி சற்று முந்தி, அந்த டிக் என்ற சத்தத்தோடு போய்விட்டது. லிங்கண்ணை சொல்வதை அவன் நம்பினான். முழுக்க நம்பினான். கொலை செய்ய நினைக்காமலே ஒரு மனிசன் நாலு அசைவையும் ஒழுங்காகச் செய்து முடிக்கலாம் என்பதை இப்போது அவன் விரல் அறியும். நம்பியதால் பயம் போயிருக்க வேண்டும், நியாயமாகப் பார்த்தால். போகவில்லை, இரண்டாகிவிட்டது. முந்தி ஒரு ஆளுக்குத்தான் பயந்தான்.

"செமியை எடு எண்டனான்," லிங்கண்ணை மேசையைப் பார்த்தபடி சொன்னார், "உன்ரை கையிலை என்ரையைவிட நல்லது இருக்கட்டும் எண்டுதான். இந்த முறை நான் கலைக்கிறன். நீ காவல் நில். நான் உனக்கு முன்னாலை நடந்து வாறன்."

பத்தைக்குள் அந்த நரைத்த தலை வருவதைக் குகநேசன் கண்டான். மரத்தைத் தட்டுகிற சத்தம். செம்மஞ்சள். கையில் கறுப்புத் துவக்கு, அமத்த அமத்தப் போகும். "ஷெரி," என்று கூப்பிட்டான், "ஒரே ஒரு குண்டு மட்டும் போடுகிறது இருக்கிறதா?"

இருந்தது. நடுவில் மடிக்கிற துவக்கு, ஒரு தோட்டா வைத்து மூடினால் ஒரு வெடி. பிறகு மடித்து, வெறுங்கோதை எடுத்து, சட்டைப் பைக்குள் கைவிட்டுத் தேடி, அடுத்ததை வைக்க வேண்டும். "மானுக்கு இதா?" என்றாள் ஷெரி. "முதல் வெடி தப்பினால் மான் போய்விடும்." போகட்டும் என்றான் அவன். லிங்கண்ணை அந்தத் துவக்கை ஒருமுறை மடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதிலை ஒண்டு இருக்கோ எண்டு கேள்," என்றார். இருந்தது. "கலைக்கிறதும் வேண்டாம் அண்ணை," என்றான் குகநேசன், "ரெண்டு பேரும் ஒரே மரத்துக்குக் கீழை இருப்பம். வாறது வரட்டும்." அவர் ஓம் என்று தலையாட்டினார்.

இரண்டு பெட்டிகளையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய கதவு. குகநேசன் கதவைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் முந்திப் போங்கோ அண்ணை," என்றான். "சீ, நீ போ," என்றார் லிங்கண்ணை. "பரவாயில்லை, போங்கோ." "நீ போ எண்டு சொல்லுறன், போவன்." இருவரும் சிரித்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை. "உங்கள் ஆட்களின் மரியாதையே தனி," என்று பின்னாலிருந்து ஷெரி சொன்னாள், கோபம் ஆறியிருந்தது. குளிர்காற்று கடைக்குள் வந்து தொப்பிகளை ஆட்டியது. கடைசியில் இரண்டு பேரும் பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, தோளோடு தோள் உரசி, பக்கவாட்டில் திரும்பி, ஆளை ஆள் பார்த்தபடி, ஒன்றாக அந்தக் கதவால் வெளியே வந்தார்கள்.